இடது தொடை எலும்பு

செப். 16, புதன்

காலையிலிருந்து மூட்டம். தூறல்கூட இல்லை, புழுக்கம் மட்டும். கல்லூரிக்கு ஒரு வாரம் விடுமுறை. விடுதியை நாளைக் காலைக்குள் காலி செய்ய வேண்டும். நாளை முதல் எங்கள் பக்கம் முழுக்க ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். இன்றைக்குள் வந்துவிடு என்று அண்ணன் எழுதியிருந்தான். சாயங்காலம் வரை பிராக்டிகல். நாளை விடியற்காலை, முதல் பஸ்ஸில்தான் கிளம்ப முடியும். ஆத்தூர் தாண்டிவிட்டால் நம் ஊர் மாதிரிதான்.

எடுத்துப் போக:
தாவணி 3, பாவாடை 2
அனாடமி நோட்டு (கால் மட்டும்)
அம்மாவுக்கு மல்லிப்பொடி டப்பா திருப்பித் தர
எலும்பு

எலும்பு பானு அக்காவுடையது. மூன்றாம் வருடம். இடது இடுப்பெலும்பு ஒன்று, இடது தொடை எலும்பு ஒன்று. விடுதியை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதி. பெட்டியில் நீளம் கொள்ளவில்லை. பழைய தலையணை உறையில் சுற்றி மஞ்சள் பையில் வைத்தேன். முனை வெளியே தெரிகிறது. மேலே ஒரு துண்டு.

அக். இரண்டாம் வாரம் வைவா, வாய்மொழித் தேர்வு. மறுபடி ஒருமுறை: இடுப்பெலும்பு மூன்று எலும்பு சேர்ந்தது. இலியம், இஸ்கியம், பியூபிஸ். பிறக்கும்போது தனித்தனி. பதினைந்து பதினாறு வயதில் கிண்ணத்துக்குள் ஒன்றாக ஒட்டும். கிண்ணம் = அசிடாபுலம். அதில் தொடை எலும்பின் தலை உட்காரும். தலை, கழுத்து, பெரிய முடிச்சு, சின்ன முடிச்சு, தண்டு. கழுத்துக்கும் தண்டுக்கும் நடுவே 125 டிகிரி. தலைக்குப் போகும் ரத்தம் பெரும்பாலும் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகிறது. கழுத்து உடைந்தால் தலை செத்துப்போகலாம். மேடம் இதை மூன்று முறை சொன்னார்கள். கட்டாயம் கேட்பார்கள்.

தசை புறப்படும் இடம் சிவப்பு, போய்ச் சேரும் இடம் நீலம். நீலத்துக்கு இங்க், சிவப்புக்கு என் நெயில் பாலிஷ். க்ளூட்டியஸ் மீடியஸ் தசைக்கே பாதி பாட்டில் போய்விட்டது. அழகாக வந்திருக்கிறது. பானு அக்கா திட்டமாட்டாள்.

இடுப்பெலும்பின் பின்பக்கத்து வளைவில் என் கட்டைவிரல் தாராளமாக ஆடுகிறது. ஆணுக்கு இவ்வளவு அகலம் இருக்காது. பெண்.

செப். 17, வியாழன்

வீட்டில் இருக்கிறேன். எழுத முடியவில்லை.

செப். 18, வெள்ளி

மழை வருகிறது, நிற்கிறது. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கிறேன். அம்மா திருநீறு பூசி ரசம் வைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

நேற்று பஸ்ஸில் கூட்டம். எனக்குப் பின்சீட்டில் ஆத்தூரில் ஏறின ஒரு பெரியவர். ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லி, தலையில் பச்சைத் துண்டு, காலடியில் ஒரு சாக்கு. மலையாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. கல்வராயன் மலைக்காரர்கள் ஆத்தூர் சந்தைக்குக் கடுக்காயும் புளியும் கொண்டுவந்து போட்டுவிட்டு கள்ளக்குறிச்சி வழியாக மலை ஏறுவார்கள். என் மஞ்சள் பையைச் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். வண்டி குலுங்கிக் குலுங்கி அது பின்னால் நகர்ந்து அவர் சாக்கோடு ஒட்டிக்கொண்டது. பார்த்தேன். இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சின்னசேலம் தாண்டி ஏரிக்கரையில் பெரிய புளியமரத்தை ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மறியல் ஆட்கள் நூறு பேர் இருப்பார்கள். இறங்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். குழந்தைக்காரிக்கு ஒருவர் குடை பிடித்தார். நாலைந்து பேர் மட்டும் நல்ல போதை. அவர்கள் உள்ளே ஏறிச் சாமான்களை எடுத்து வெளியே போட்டார்கள். மஞ்சள் பை விழுந்தது. உறை அவிழ்ந்து தொடை எலும்பு தார் ரோட்டில் உருண்டது. இடுப்பெலும்பு மல்லாந்து கிடந்தது. சிவப்பு, நீலம்.

ஒரு கிழவி குங்குமம் வைத்த எலும்பு என்றாள். அதற்குப் பிறகு எல்லாருமே அப்படித்தான் பார்த்தார்கள்.

யார் பை என்று கேட்டார்கள். அவர் சாக்குக்குப் பக்கத்தில் இருந்தது என்று ஒருவன் சொன்னான். பெரியவர் பதறவில்லை. என்னைக் காட்டி, "எனுது இல்லீங்க. அந்தப் பொண்ணு ஏறச்சொல்ல கையில வச்சிக்கினு இருந்துச்சு" என்றார். நான் ஏறும்போது அவர் பஸ்ஸிலேயே இல்லை. ஆத்தூரில் நான் டீ குடிக்கப் பையோடு இறங்கி ஏறினதைப் பார்த்திருக்கிறார்.

ஒருவர் என்னிடம் வந்து, "உன்னுதாம்மா?" என்றார். அதட்டவில்லை.

தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வினாடி.

பிறகு அடித்தார்கள். சூனியக்காரன், எந்தச் சுடுகாட்டுல தோண்டின என்று கேட்டுக் கேட்டு. அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் போனார். மதகுக் கட்டையில் கால் தடுக்கியதா, ஒருவன் உதைத்தானா, இரண்டுமா. பக்கவாட்டில் கீழே கல்லின் மேல் விழுந்தார். இடது பக்கம். குடை பிடித்தவர் ஓடிவந்து எல்லாரையும் விலக்கினார். எழுந்திரு என்றார்கள். பெரியவரால் எழ முடியவில்லை. இடது கால் வலது காலைவிடக் குட்டையாக இருந்தது. பாதம் முழுக்க வெளிப்பக்கம் சாய்ந்து, சுண்டுவிரல் தரையைத் தொட்டபடி.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. அங்கே இருந்த அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். தொடை எலும்பின் மேல் முனை உடைந்தால் கால் குறுகும், வெளியே திரும்பும். நோட்டில் பெட்டி கட்டி எழுதி வைத்திருக்கிறேன். நின்றுகொண்டே இருந்தேன்.

எலும்பை எவனோ ஏரியில் வீசினான்.

பக்கத்தில் நின்ற அம்மாள் படிக்கிற பொண்ணா என்றாள். ஆமாம். என்ன படிப்பு என்றாள். பி.ஏ. என்றேன்.

அண்ணன் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தான். தனசேகர் தங்கச்சியா என்று ஆளாளுக்கு வழிவிட்டார்கள். ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

செப். 19, சனி

வெயில். அம்மா நெல் காயப்போட்டாள். நான் காக்கா விரட்டினேன்.

விதியை மீறின பயம், பானு அக்காவுக்குப் பயம், பெண்பிள்ளை என்ற பயம், குடிகாரர்கள். நேற்றிலிருந்து இந்த நாலையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். டாக்டருக்குப் படிக்கிறேன், இது பாடத்துக்கு வைத்திருக்கிற எலும்பு. ஒரே ஒரு வரி. சொல்லியிருந்தால் யாரும் என்னை ஒன்றும் செய்திருக்கமாட்டார்கள். மாலை போட்டுக்கூட அனுப்பியிருப்பார்கள். அண்ணன் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறானே, இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நம்ம சனத்தில் டாக்டருக்குப் படிக்கிற பெண் ஒரே ஒருத்தி என்று. அந்த ஒருத்தி.

மத்தியானம் சாப்பிடும்போது அண்ணனே பேச்சை எடுத்தான். மலைக்காரன் ஒருவன் எலும்போடு மாட்டினானாம், இடுப்பு உடைந்து ஏரிக்கரை ரைஸ்மில் கொட்டகையில் கிடக்கிறானாம். க.குறிச்சிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை, வழியும் இல்லை. மில்லுக் காவல்காரர் கஞ்சி ஊற்றுகிறார். அப்பா உச்சுக் கொட்டினார்.

அண்ணன் கை கழுவப் போனபோது அவன் பின்னாலேயே கிணற்றடிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"நம்ம பசங்க ஒண்ணுந்தெரியாத ஆள அடிச்சிட்டாங்கன்னா போராட்டத்துக்கே கெட்ட பேரு ஆயிடும்" என்றான். வெளியே விடாதே என்றான். போய்விட்டான். அரை மணியில் திரும்பி வந்தான். முகம் கழுவாமல் அப்படியே நின்றான்.

"கால் எவ்ளோ நாள் தாங்கும்?"

தெரியாது என்றேன். எனக்கு எலும்பின் பெயர்கள்தான் தெரியும். இன்னும் வைத்தியம் சொல்லித்தரவில்லை.

செப். 20, ஞாயிறு

அம்மாவிடம் கோவில் என்று சொல்லிவிட்டு அண்ணனோடு சைக்கிளில். கரும்புக்கொல்லை வழியாக. சேறு.

கொட்டகையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே கோணியில் படுத்திருந்தார். பெயர் சடையன். வெள்ளிமலைக்கு அப்பால் ஊர். மூன்று நாளாக அதே இடம். மூத்திர வாடை. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். நான்தான் சொன்னேன், பை என்னுடையது என்று.

"அதான் அன்னிக்கே நான் சொன்னனே."

கோபமாகக்கூட இல்லை. ஏற்கெனவே சொல்லி முடித்த ஒன்றைத் திருப்பிச் சொல்வது போல.

காலைத் தொட அனுமதி கேட்டேன். பெரிய முடிச்சு இருக்கும் இடம் வீங்கிக் கறுத்திருந்தது. தொட்டதும் பல்லைக் கடித்தார். இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்து, துண்டால் முட்டிக்கு மேலும் கீழுமாகக் கட்டினேன். முதலுதவிப் புத்தகத்தில் இருந்தது. முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது.

எலும்பு யாருடையது என்று கேட்டார். ஒரு பெண்ணுடையது, பேர் தெரியாது என்றேன்.

"அவங்களுக்கும் புள்ளகுட்டி இருந்திருக்கும்" என்றார்.

அண்ணன் மறியல் செய்கிற ஆட்களிடம் போய்ப் பேசினான். என்ன சொல்லிப் பேசினான் என்று கேட்கவில்லை. கயிற்றுக்கட்டில் வந்தது. நாலு பேர் தூக்கினார்கள், மாற்ற நாலு பேர். க.குறிச்சி வரைக்கும் ஆறு கிலோமீட்டர், ஏழு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் வாங்கினார்கள். நான் கட்டிலோடு நடந்து பாதம் திரும்பாமல் பிடித்துக்கொண்டேன். தூக்கினவர்களில் ஒருவன் வியாழக்கிழமை அடித்தவன். அவன் என்னைப் பார்த்து, பாவம் பார்த்து வந்திருக்கிறாயே, நல்ல மனசும்மா என்றான்.

தலையைக் குனிந்துகொண்டேன். அங்கேயும் சொல்லவில்லை.

செப். 21, திங்கள்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். அண்ணன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தான். உடைந்தது எலும்பின் கழுத்தில் இல்லை, இரண்டு முடிச்சுக்கும் நடுவில். தலைக்கு ரத்தம் போகும். எடை கட்டி இழுத்துப் படுக்கவைப்பார்கள். ஒன்றரை இரண்டு மாதம். சேரும், ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகலாம்.

கழுத்து தப்பியது என்று கேட்டதும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் எதற்குச் சந்தோஷப்படுகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மலைக்குத் தகவல் போய், சடையனின் மகள் செல்லி வந்துவிட்டாளாம். கால்நடையாக இறங்கி வந்திருக்கிறாள். என் வயது.

செப். 25, வெள்ளி

ரோடு திறந்துவிட்டது. விடுதி. பானு அக்காவிடம் மறியலில் பை தொலைந்தது என்றேன். பொய் இல்லை. அவள் உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கட்டிக்கொண்டாள்.

கொசு. மெஸ்ஸில் இன்றும் அதே கத்தரிக்காய்.

அக். 8, வியாழன்

வைவா. மேசையில் வலது தொடை எலும்பு. எந்தப் பக்கத்து எலும்பு, எப்படித் தெரியும், தலைக்கு ரத்தம் எங்கிருந்து. எல்லாம் சொன்னேன். முடிச்சுகளுக்கு நடுவே உடைந்தால் வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றார் எக்ஸாமினர். கால் குறுகும், பாதம் வெளியே திரும்பும், சுண்டுவிரல் தரையைத் தொடும் என்றேன். முதல் வருடத்தில் இவ்வளவு தெரிகிறதே, எந்தப் புத்தகம் என்று கேட்டார். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னேன்.

வகுப்பிலேயே அதிக மார்க்.

டிச. 5, சனி

பனி. தொண்டை கட்டியிருக்கிறது. அண்ணன் கடிதம். நாலு பக்கம், இவ்வளவு அவன் எழுதினதே இல்லை.

சடையன் நவம்பர் கடைசியில் மலைக்குப் போய்விட்டார். தடி ஊன்றி நடக்கிறார். ஆனால் எலும்பு வைத்திருந்தார் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே மலை ஏறிவிட்டது. சாமை அறுப்புக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மாடு செத்தால் அவர் பார்த்த பார்வை என்கிறார்கள். செல்லிக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். சந்தைக்கு இறங்கின ஒருவரிடம் சடையன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: அந்தப் பொண்ணு ஒரு தடவை மேல வந்து எங்க ஆளுங்க எதுருக்கச் சொல்லட்டும்.

கீழே அண்ணன் எழுதியிருக்கிறான்: உன் இஷ்டம். நீ வரவில்லை என்றால் நான் போய்ச் சொல்கிறேன். ஆனால் நம்பமாட்டார்கள்.

டிச. 12, சனி

வீடு. அப்பாவிடம் சொன்னேன். அம்மாவும் இருந்தாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா கூடத்துத் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகாதே என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எழுந்து போகும்போது மட்டும், "எழுதிக் கேட்டாங்கன்னா கையெழுத்துப் போடாத" என்றார்.

டிச. 13, ஞாயிறு

க.குறிச்சியில் முதல் பஸ். காச்சிராயபாளையத்துக்கு அப்பால் வளைவு வளைவாக ஏறியது. அண்ணன் வாந்தி எடுத்தான். வெள்ளிமலையில் இறங்கி ஒன்றரை மணி நேரம் நடை. மேலே நல்ல குளிர், மரவள்ளிக் கொல்லைகள் மேல் புகை போலப் பனி.

சடையன் வாசலில் தடியோடு நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. நேரே ஊர் கூடும் இடத்துக்கு நடந்தார், நாங்கள் பின்னால். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடது பக்கம் இறங்கி ஏறியது. இரண்டு விரற்கடை குறைவு இருக்கும். பின்னால் நடந்துகொண்டே கணக்குப் போடுகிறேன் என்று உணர்ந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

முப்பது நாற்பது பேர். பெண்கள் தள்ளி நின்றார்கள். ஊர்ப் பெரியவர் கல்லில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார், துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு.

சொன்னேன். டாக்டருக்குப் படிக்கிறேன், எலும்பு என்னுடையது, பாடத்துக்கு. சிவப்பு குங்குமம் இல்லை, நகத்துக்குப் பூசுகிற சாயம். இவருக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் கேட்டார்கள், என்னுடையது இல்லை என்று பொய் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் கேட்கவில்லை என்றார்கள். முழுவதையும் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். எழுதிக் கேட்கவே இல்லை.

ஊர்ப் பெரியவர் அவசரப்படாமல் கேட்டார்: "சரிம்மா. அன்னிக்கு ஏன் சொல்லல?"

பயமாக இருந்தது என்றேன்.

"ஒன்ன அடிப்பாங்கன்னா?"

இல்லை என்றேன். அடித்திருக்கமாட்டார்கள். நம் ஆட்கள்தான்.

"அப்பறம்?"

விதி, பானு அக்கா, குடிகாரர்கள் எல்லாம் வாய்வரை வந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன்.

"இவர் மலைக்காரர். இவருதுன்னு சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்கன்னு அந்த நேரத்துல தோணுச்சு. எனக்கே அதுதான் பொருத்தமா பட்டுச்சு."

பெண்கள் பக்கம் நின்றிருந்த செல்லி திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து சடையன் பக்கத்தில் போய் நின்றார். தையில் பேசினபடி நடக்கட்டும் என்றாராம். எனக்குக் காதில் விழவில்லை. அண்ணன்தான் பிறகு சொன்னான்.

கூட்டம் கலைந்தது. ஒருவர் பலாச்சுளை வற்றல் கொடுத்தார், விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரியே. அடுத்த மாதம் க.குறிச்சியில் செருப்புக்கு உயரம் வைத்துத் தைத்துக் கொண்டுவருகிறேன், கொஞ்சம் சமமாக நடக்கலாம் என்று சடையனிடம் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தது.

"வேணாம்மா. நீ இனிமே வராத. வந்தா இன்னா ஏதுன்னு மறுபடி பேசுவாங்க. பொண்ணு போற வூட்டுக்கும் நல்லா இருக்காது" என்றார். வழி வழுக்கும், பார்த்து இறங்குங்க என்றும் சொன்னார். தடியை ஊன்றித் திரும்பி நடந்தார்.

வெள்ளிமலையில் பஸ் தயாராக நின்றது. ஜன்னல் ஓரம் கிடைத்தது. அண்ணன் நன்றாகத்தான் சொன்னாய் என்றான், தூங்கிவிட்டான். இரண்டாவது வளைவிலோ மூன்றாவதிலோதான் உறைத்தது. கொட்டகையில் ஒரு நாள், கட்டிலோடு ஆறு கிலோமீட்டர், இன்று ஊரார் முன்னால் இரண்டு தடவை. அத்தனை பேசியும் அவரிடம் மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.